பாலத்தாருக்கு ஒரு பிள்ளை

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு முதலில் ஒரு குடும்பத்தை அறிமுகப்படுத்த வேண்டும். என்னுடைய குடும்பம் பிறகு வரும். அது எங்கேயும் ஓடிப்போகாது. இது விக்டோரியா மகாராணி காலத்து இலண்டன் குடும்பம். கணவன் பாலம் கட்டுகிற எஞ்சினியர். மனைவி, தகப்பன் விட்டுப்போன மருந்துக்கடையைத் தனியாக நடத்துகிறவள். நாலு பருவம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும், தொப்பியைக் கழற்றுவதும், மழையில் நிற்பதுமாக இழுத்தடித்து, கடைசி அத்தியாயத்தில் கலியாணம் கட்டினார்கள். தேவாலய வாசலில் இருவரும் சிரித்தபடி நிற்க, திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. அத்தோடு தொடர் முடிந்தது.

இவர்கள் தொலைக்காட்சியில் வருகிறவர்கள் என்பது எங்களுக்கே சில வேளை மறந்துபோகிறது. மன்னாரில் ஒருவருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காத மாதிரி, எங்கள் வீட்டில் இவர்களுக்கும் நிலைக்கவில்லை. அவர் பாலத்தார். அவள் மருந்துக்காரி.

போன மாதத்தில் ஒரு ஞாயிறோடு அவர்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம். என் சொந்தக் கலியாண நாளை மறந்து நான் வாங்கிக்கட்டியது உண்டு. இதை மறக்கவில்லை. அன்று நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வழக்கம்போலப் பகிடியாக எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.

2

மன்னாரில் நான் கணக்கு வாத்தியார். இங்கே சிட்னியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கி ஓய்வு பெற்றேன். இப்போது காலையிலும் பின்னேரத்திலும் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ‘நில்’ என்று எழுதிய தடியோடு தெருவில் நிற்கிறேன். பிள்ளைகள் கடக்கும்வரை கார்களை மறிப்பது என் வேலை. மன்னாரில் என் வகுப்பில் ஒருவனும் நான் சொல்லி நின்றதில்லை. இங்கே பென்ஸ் கார் நிற்கிறது.

இந்த வேலைக்கு, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க நான் ஏற்ற ஆள் என்று அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம், அடையாள அட்டை, பழைய விலாசம், அதற்கு முந்திய விலாசம் என்று இரண்டு கிழமை அலைந்தேன். அனுமதி வந்த அன்று அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு என் மனைவி கிளாராவிடம் சொன்னேன்:

“பேரப்பிள்ளை இல்லாட்டியும் லைசென்ஸ் இருக்கு.”

கிளாரா சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்குச் சிரிக்காமல் இருப்பதில் அவளுக்கு நீண்டகால அனுபவம். ஆனால் அன்று பாதி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. ஒன்பது வயதில் எங்களோடு வந்தவள். பார்மசிஸ்ட். கலியாணமாகி ஏழு வருடம்; கணவன் கெவினோடு மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில் இருக்கிறாள். மூன்றாம் வருடம் கிளாரா தொலைபேசியில், உலகத்துத் தமிழ்த் தாய்மார் எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

“பிள்ளை, விசேஷம் ஏதும் இருக்கோ?”

“அம்மா, இனி இதைக் கேட்டா நான் கோல் எடுக்கமாட்டன்.”

சொன்னதைச் செய்கிற பிள்ளை. மூன்று மாதம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தக் கேள்வி இல்லை. அந்தக் கேள்வி இல்லையென்றால் வேறு பேச்சும் அதிகம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடுப்போம்.

“சாப்பிட்டியா?”

“ஓம்.”

“அங்க குளிரோ?”

“ஓம்.”

“கெவின் சுகமோ?”

“ஓம் அப்பா. பிறகு எடுக்கிறன்.”

மூன்று ஓம். நான் தடியோடு நிற்கிற இடத்தில் ஒரு பிள்ளை தெருவைக் கடக்க எடுக்கிற நேரம்.

3

எங்கள் ஃப்ரீசரில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. உள்ளே இருப்பது சரக்குத்தூள். மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, திப்பிலி, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாற்பது நாள் வைத்துக் கொடுக்கிற சரக்குக் கறிக்கு வேண்டிய தூள். மன்னாரில் இருக்கிற கிளாராவின் தங்கச்சி இடித்துத் தருவாள். ஜெனிக்குக் கலியாணமான வருடத்தில் இருந்து அந்தப் போத்தல் அங்கே தயார் நிலையில் இருக்கிறது.

ஒருமுறை ஊரால் திரும்பி வரும்போது நாங்களே அதைக் கொண்டுவந்தோம். விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருந்தால் அட்டையில் குறித்துக் காட்ட வேண்டும். நான் ஒழுங்கான மனிதன், குறித்தேன். அதிகாரி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற தூள் என்று விளக்கினேன்.

“ஓ! வாழ்த்துக்கள். ஆணா, பெண்ணா?”

“இன்னும் தெரியாது.”

“எப்ப பிறக்கும்?”

“அதுவும் தெரியாது.”

அவர் என்னைப் பார்த்தார். அறுபது கடந்த கிளாராவை, வயிற்றையும் சேர்த்துப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்து, நாலு தரம் தும்மி, போகச் சொல்லிவிட்டார்.

தூள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் குணம் போய்விடும் என்பது கிளாராவின் கொள்கை. எறியவும் மனம் வராது. ஆகவே ஒவ்வொரு வருடமும் புதுத்தூள் வந்தவுடன் பழையதைக் கறி வைத்து எனக்குத்தான் போடுவாள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் என்னைவிட அதிகம் சரக்குக் கறி சாப்பிட்ட ஆண்பிள்ளை இருக்க வாய்ப்பில்லை. இப்போது பெற்றாலும் எழும்பி நடப்பேன்.

4

பாலத்தாரைப் பற்றி ஜெனிதான் முதலில் வாயைத் திறந்தாள். மூன்று ஓம் சொல்லி முடித்த ஒரு ஞாயிறு, வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்:

“அப்பா, நீங்க அந்த மருந்துக்கடைத் தொடர் பாக்கிறனீங்களோ?”

பார்க்கிறேனாவது! சனிக்கிழமை இரவுப் பூசைக்குக் கிளாராவைத் தனியாக அனுப்பிவிட்டுப் பார்த்தவன் நான். அன்று நாற்பது நிமிடம் கதைத்தோம். அவளுக்கு அந்தக் கடை பிடித்திருந்தது. போத்தல்கள், தராசு, அவள் லேபல் எழுதுகிற கை. “எங்கட வேலையில இப்ப இது ஒண்டும் இல்லை அப்பா. எல்லாம் கொம்பியூட்டர்தான் எழுதும்,” என்றாள். என் மகளும் ஒரு மருந்துக்காரி என்பதை நான் அப்போதே மனதில் குறித்திருக்க வேண்டும். நான் கணக்கு வாத்தியார். இரண்டும் இரண்டும் நாலு என்பதை மற்றவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

தொடர் முடிந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. மறுபடி மூன்று ஓம்தானா? அடுத்த ஞாயிறு நானே தொடங்கினேன். “சரி, கலியாணம் முடிஞ்சுது. பாலத்தார் தகப்பன் ஆனா எப்பிடி இருப்பார்?”

ஜெனி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்த பிறகு என்னை நிறுத்த ஆள் இல்லை.

பாலத்தார் தொட்டிலுக்கு வரைபடம் கீறுவார் என்றேன். எத்தனை இறாத்தல் தாங்கும், எந்தப் பக்கத்துக் காற்றுக்கு எவ்வளவு ஆடும் என்றெல்லாம் கணக்குப் பார்த்து, நூறு வருடம் நிற்கக்கூடிய இரும்புத் தொட்டில் ஒன்று செய்வார். பிள்ளை அதில் ஆறு மாதம் கிடக்கும். பின்னணியில் கெவின் சிரிப்பது கேட்டது. கெவின் எங்களோடு தமிழில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டான். ஆனால் தொட்டிலுக்குச் சிரித்தான்.

ஜெனியும் சேர்ந்துகொள்வாள். “பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, ஊருக்கே மருந்து கலந்து குடுத்தவ, கை நடுங்கி ஒண்டும் செய்யாமல் நிப்பா,” என்றாள் ஒருமுறை. நன்றாக இருக்கிறதே என்று பாராட்டினேன். பிள்ளை எப்போது என்று நான் அவசரப்பட்டால் மட்டும் தள்ளிப்போடுவாள். “முதல் அந்தத் தேம்ஸ் பாலம் முடியட்டும்.” ஒரு ஞாயிறு நான் கேட்காமலே இரட்டைப் பிள்ளை பிறக்கவைத்தேன், ஒன்று பாலத்தை உடைக்கும், மற்றது மருந்துப் போத்தலை உடைக்கும் என்று. அன்று வாசலில் யாரோ தட்டுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதெல்லாம் ஸ்பீக்கரில்தான் நடக்கும். குசினியில் இருந்து கிளாரா சத்தம் போடுவாள். “இல்லாத பிள்ளைக்குத் தொட்டில் கட்டுறியள். அப்பனுக்கும் மகளுக்கும் வேற வேலை இல்லையோ?”

அவள் ஒருநாளும் விளையாட்டில் சேர்ந்ததில்லை. ஆனால் நாலு மணிக்குக் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறக்கமாட்டாள். கேட்காது என்று.

5

கலியாணமாகி ஒரு வருடம் நிறைந்த அந்த ஞாயிற்றுக்கு நான் விசேட அத்தியாயம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். தெருக்கடவை வேலை அட்டவணையின் பின்பக்கத்தில், இரண்டு தாள். பாலத்தாரின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஆம்பிளைப்பிள்ளை. மகாராணியிடமிருந்து தந்தி. பாலத்தார் ஞானஸ்நானத் தொட்டியில் எத்தனை கலன் தண்ணீர் பிடிக்கும் என்று குருவானவரிடம் விசாரிக்கிறார். பிள்ளையின் பெயர் வில்லியம் அல்பேர்ட் தேம்ஸ் மடுத்தீன். கடைசிப் பெயர் எங்கள் மன்னார்ப் பக்கத்து உபயம்.

நாடகக்காரன் மாதிரிக் குரலை மாற்றி மாற்றி வாசித்தேன். மடுத்தீன் வந்த இடத்தில் நிறுத்தி, சிரிப்புக்கு இடம் விட்டேன். சிரிப்பு வரவில்லை. கெவினின் சத்தமும் இல்லை.

“ஜெனி? லைன்ல இருக்கிறியோ?”

“ஓம்.”

“பேர் பிடிக்கேல்லையோ? மாத்தலாம்.”

“அப்பா, அந்தப் பிள்ளை பிறக்காது.”

“ஏன்? நீ என்ன, அவையின்ர டொக்டரோ?”

“ரெண்டு தரம் வந்தது, அப்பா. நிக்கேல்லை. முதலாவது மார்ச்சில, கலியாணத்துக்கு... தொடர் முடியிறதுக்கு முந்தி. மற்றது போன ஒக்டோபர். ரீவியில அதைக் காட்டேல்லை. அவ்வளவுதான்.”

தொடரில் மார்ச்சும் இல்லை, ஒக்டோபரும் இல்லை. அங்கே எந்நேரமும் மழையும் பனியும்தான். போன ஒக்டோபர் என்றால், நான் இரட்டைப் பிள்ளை பிறக்கவைத்த மாதம். அன்று அவள் வீட்டு வாசலில் ஒருவரும் தட்டவில்லை.

என் கையில் தாள் இருந்தது. நாற்பது வருடமாக எந்த இடத்திலும் ஏதாவது ஒரு பகிடி வைத்திருப்பவன், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கிளாரா குசினியில் இருந்து வந்தாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தாள். தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“பிள்ளை,” என்றாள். “அந்த மருந்துக்காரியின்ர அம்மாவுக்கும் முதல் பிள்ளை தங்கேல்லை.”

தொடரில் மருந்துக்காரிக்குத் தாயே கிடையாது. முதல் அத்தியாயம் தொடங்குமுன்னே செத்துவிட்டாள். நான் திருத்த வாயெடுத்தேன். நல்லவேளை, மூடினேன். அந்த வருடத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது.

“எத்தினை மாசம்?” என்று கேட்டாள் ஜெனி.

“அஞ்சு. ஆம்பிளைப்பிள்ளை.”

“அவ ஏன் மகளுக்குச் சொல்லேல்லை?”

“மகள் பயந்திடுவா எண்டு நினைச்சவ. பிறகு, மகள் ஒண்டும் கேக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா. கேக்கக்கூடாதெண்டா சொல்லவும் கூடாதெண்டு நினைச்சிட்டா. விசரி.”

அந்தப் பிள்ளையைப் பற்றி நானும் கிளாராவும் கடைசியாகக் கதைத்தது ஜெனி பிறக்குமுன். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த அன்றும் நான் ஏதோ ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று எனக்கு ஞாபகம் இல்லை. கிளாராவுக்கு இருக்கும். கேட்கத் துணிவு வந்ததில்லை.

“அவ என்ன செய்தவ அப்ப?” ஜெனியின் குரல் சின்னதாகிவிட்டது.

“என்ன செய்யிறது. அவவின்ர தாய் நாப்பது நாளும் சரக்குக் கறி வைச்சுக் குடுத்தா. எனக்கேன் இது, பிள்ளைதான் இல்லையே எண்டு அவ அழுதவ. தாய் சொன்னா, பிள்ளை தங்கினாலும் தங்காட்டியும் உடம்பு பெத்த உடம்புதான், சாப்பிடு எண்டு.” கிளாரா மூச்சு எடுத்தாள். “மருந்துக்காரிக்கு ஆர் வைச்சுக் குடுத்தது?”

நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். எட்டாக மடித்தாயிற்று. அதற்கு மேல் மடிய இடமில்லை.

“ஒருத்தரும் இல்லை, அம்மா,” என்றாள் ஜெனி. “நான் அடுத்த நாளே வேலைக்குப் போனனான்.”

6

திங்கட்கிழமை விடுப்புக்கு விண்ணப்பித்தேன். இந்த நாட்டில் எல்லாத் துக்கத்துக்கும் ஒரு பெட்டி உண்டு. அதில் புள்ளடி போட வேண்டும். சுகவீனம் என்றால் மருத்துவச் சான்றிதழ். குடும்பத்தில் மரணம் என்றால் இறந்தவரின் பெயர், உறவுமுறை, திகதி.

பெயர் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். வேறு யாருடைய பிள்ளைக்கோ நாலு பெயர் வைத்தவன் நான். இங்கே இரண்டு கோடு வெறுமையாக இருந்தது. கிளாராவுடையதையும் சேர்த்தால் மூன்று. கடைசியில் ‘ஏனையவை’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டு, ‘மகளுக்குச் சமைக்க வேண்டும்’ என்று எழுதினேன். மேலதிகாரி ஒரு கிரேக்கப் பெண்மணி. “இது நல்ல காரணம்,” என்று கையெழுத்து வைத்தார்.

செவ்வாய் விடியக் காரில் வெளிக்கிட்டோம். ஒரு பகல் முழுக்க ஓட்டம். கிளாரா ஃப்ரீசர் போத்தலைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பின்சீற்றில் வை என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு இடத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, “அவள் தனியப் போய் லேபல் ஒட்டிக்கொண்டு நிண்டிருக்கிறாள்,” என்றாள்.

வெரிபீக்குப் போய்ச் சேருமுன் மீன் கடையில் நிறுத்தினேன். மெல்பேர்ண் சுறாவுக்குப் பேர்போன இடம்; பொரித்து உருளைக்கிழங்கோடு தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல பிஞ்சுச் சுறா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரக்குக் கறி என்றால் பால்சுறாதானே. கடைசியாக ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று காருக்கு ஓடிவந்து சொன்னேன்.

“கிளாரா, சுறா இருக்கு! பிஞ்சு!”

அவள் கண்ணாடியை இறக்கினாள். கோபம் இல்லை. களைத்த முகம்.

“சுறா வேண்டாம். அது பால் சுரக்கக் குடுக்கிறது. வேற ஏதும் வாங்குங்கோ.”

திரும்பிப் போய் விளைமீன் மாதிரி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஏதோ பகிடி விட்டார். முதல்முறையாக ஒரு பகிடிக்கு நான் சிரிக்காமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டமான வேலை, கிளாரா இவ்வளவு காலமும் எப்படிச் செய்தாள் என்று அன்று விளங்கியது.

7

வெரிபீயில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு தரம் பிழையான வாசலில் நிறுத்தினேன். மூன்றாவது வாசலில் கெவின் நின்றான். எங்களைக் கண்டதும், அவனிடம் இருந்த பத்துத் தமிழ்ச் சொல்லில் இரண்டைச் செலவழித்தான். “மாமி, வாங்கோ.” பிறகு கிளாராவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு தரமும் அவனும்தான் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவன். அதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

ஜெனி வேலை உடுப்போடு நின்றாள். கிளாரா நேராகக் குசினிக்குப் போய்ச் சட்டி எங்கே என்று கேட்டாள்.

மிளகும் திப்பிலியும் கொதிக்கத் தொடங்கியதும் புகை அலாரம் அலறியது. கெவின் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினான். அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்று கை காட்டினேன். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். புகைக்கு நன்றி, யாருக்கு எதனால் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஜெனி முதல் வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“சரியான உறைப்பு, அம்மா.”

“மிளகு. சாப்பிடு.”

“எத்தினை நாள் சாப்பிட வேணும்?”

“நாப்பது.”

ஜெனி கோப்பையில் கறியை விரலால் ஒதுக்கினாள். “ரெண்டு தரம் எண்டா?”

கிளாரா கரண்டியைப் போட்டுவிட்டு அவள் தலையைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டாள். “எண்பது,” என்றாள். “நான் நிக்கிறன்.”

கிளாரா அங்கே நின்றுவிட்டாள். தான் பார்க்கிற முதியோர் இல்லச் சமையல் வேலைக்கு நீண்ட லீவு எடுத்தாள். நான் மூன்றாம் நாள் தனியாகத் திரும்பிவந்து, மறுநாள் காலை தடியோடு தெருவில் நின்றேன். பிள்ளைகள் கடந்தார்கள். கார்கள் நின்றன. இனிப் பேரப்பிள்ளை வருமா, வராதா என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சட்டம் பழையபடியே இருக்கிறது. அதற்குள் இப்போது கொஞ்சம் காற்றோட்டம்.

இன்று ஞாயிறு. நாலு மணிக்கு எடுத்தேன். பாலத்தாரைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அவரும் மனுசியும் சுகமாக இருக்கட்டும். பாலம் கட்டட்டும், மருந்து கலக்கட்டும். மடுத்தீனின் தாளை எட்டாக மடித்தபடியே ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்திருக்கிறேன். எறிய மனமில்லை.

வேறு கேள்வி தெரியாததால் பழையதையே கேட்டேன்.

“சாப்பிட்டியா?”

“ஓம் அப்பா,” என்றாள் ஜெனி. “இண்டைக்கு இருபதாம் நாள்.”